சாலை விரிவும் சொற்றெளிவும்

நம் கல்லூரி வாயிலினின்று எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும், சில மைல் தூரத்துக்குள் ஏதேனும் ஒரு சாலை அகலப்படுத்தப்பட்டு வருதலைக் காணலாம். புளியமரங்கள் வெட்டுண்டு கிடக்கும். ஒருபுறம் மண் குவியலும் மறுபுறம் வண்டிகளின் நெருக்கமுமாக இருக்கும். நடுவே ஒரு பழைய மதகு, பாதி இடிந்தும் பாதி நின்றும் தோன்றும். மாதக்கணக்காய் வேலை நடவாமல் நிற்கும் அவ்விடத்தைக் கடந்து செல்வோருள், 'கண்டிராக்டர் ஏமாற்றிவிட்டார்' என்பர் சிலர்; 'சர்க்கார் பணம் கொடுக்கவில்லை' என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையாதல் கூடும். ஆயினும் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதனைப் பேசுவோர் அரியர். அந்த மதகை இடித்துப் புதிதாய்க் கட்டவேண்டுமா, உள்ளதையே இருபுறமும் நீட்டினாற் போதுமா என்பதை ஒப்பந்தப் பத்திரம் தெளிவாகச் சொல்லாதிருத்தலே அது.

இக்கட்டுரையில் நாம் கூறப் புகுவது அந்த மூன்றாவது காரணத்தைப் பற்றியே. சாலை விரிவு வேலைகளில் இந்நாளிற் பெரிதும் வழங்கிவருவது, வரைந்து கட்டும் ஒப்பந்தம் என்னும் முறை. அதில் வேலை தருவோர் தமக்கு வேண்டுவது இன்னதென்று எழுதுகின்றனர். ஐயமுற்ற கண்டிராக்டர்கள் வினவுகின்றனர். வினாக்களுக்கு விடை அளிக்கப்படுகிறது. கேட்பதற்குச் சிறிதாய்த் தோன்றும் இக்காரியத்தில் கோடிக்கணக்கான பொதுப்பணமும் ஊராரின் வயலும் வழியும் அடங்கியுள்ளன. நெடுஞ்சாலைத் துறையிலும் கம்பெனிகளிலும் அலுவல் பார்க்கும் நம் பழைய மாணாக்கருக்கு இதில் புதிதொன்றும் இராது. இன்று கணக்கும் பௌதிகமும் பயின்று நாளை அத்துறைகளிற் புக இருப்பவர்க்கும், சாலையில் நடப்பதன்றி அதனோடு வேறு தொடர்பில்லாத நம்மனோர்க்கும் பயன்படுமென்றே எழுதுகின்றோம்.

ஒருவர் வீடு கட்டுவிக்க எண்ணினால் அவர்க்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு இஞ்சினீயரைக் கொண்டு படம் வரைவித்து, சுவரின் கனமும் உத்திரத்தின் நீளமும் சன்னலின் அளவும் குறித்து, அப்படத்தை மேஸ்திரி கையிற் கொடுத்து 'இதன்படி கட்டும்' என்பது ஒன்று. மேஸ்திரியையே அழைத்து, 'நான்கு அறைகள் வேண்டும், மழை ஒழுகலாகாது, ஐம்பது ஆண்டு நிற்கவேண்டும், தைப் பொங்கலுக்குள் குடிபுக வேண்டும், படமும் நீரே போட்டுக்கொள்ளும், மொத்தத் தொகை என்ன?' என்று கேட்பது மற்றொன்று. முதல் வழியில் வீடு விரிசல் கண்டால் படம் வரைந்தவரையும் கேட்கவேண்டும், கட்டியவரையும் கேட்கவேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் காட்டி நிற்பர். இரண்டாம் வழியில் மேஸ்திரி ஒருவரைக் கேட்டாற் போதும். ஆனால் அவர் கையில் இருப்பது படமன்று, வெறுஞ் சொற்களே. நான்கு அறைகள் என்றதில் சமையலறை அடங்குமா? ஒழுகலாகாது என்றால் சாரலும் உள்ளே அடிக்கலாகாதா? இவற்றைத் தொகை பேசுமுன் கேட்டுக்கொண்டவர் பிழைத்தார்.

படம் கொடுத்துக் கட்டுவிக்கும் பழைய முறையில் பொறுப்பு யாருடையது என்பதை விளக்கிய வழக்கொன்று பெயர் பெற்றது. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில், கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறை ஒன்று கட்டித்தர ஸ்பியரின் என்னும் கண்டிராக்டர் உடன்பட்டார். அவ்விடத்தின் குறுக்கே 6 அடி அளவுள்ள செங்கற் சாக்கடை ஒன்று சென்றது. அதனை இன்ன இடத்தில் இன்ன அளவில் இன்ன பொருளால் மாற்றிக் கட்டுக என்று சர்க்கார் படம் கூறிற்று. அவரும் அவ்வாறே கட்டினார். ஏறக்குறைய ஓராண்டு கழிந்தபின், பெருமழையும் கடலேற்றமும் ஒருங்கே வர, சாக்கடை பல இடங்களில் உடைந்து, தோண்டிய பள்ளத்தில் நீர் புகுந்தது. அதனோடு இணைந்த வேறொரு சாக்கடைக்குள், படத்திற் காட்டப்படாத ஓர் அணை இருந்தமையே காரணம். 'இடத்தை நேரிற் பார்த்தறிதலும் படத்தைச் சரிபார்த்தலும் உம் கடமையென்று ஒப்பந்தம் கூறுகிறதே' என்று சர்க்கார் வாதித்தனர். 1918-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பில், படம் கொடுத்தவர் அப்படம் போதுமானதென்பதற்குத் தாமே பிணையாவர் என்றும், பொதுவான எச்சரிக்கை வாசகங்களால் அப்பிணை நீங்காது என்றும் தீர்த்தது.

வரைந்து கட்டும் முறையில் இந்தக் குடை பெரும்பாலும் மடங்கிவிடுகிறது. படம் கண்டிராக்டருடையது, ஆகவே படத்தின் பிழையும் அவருடையதே. வேலை தருவோர் கொடுப்பது தேவைப் பத்திரம் ஒன்று. சாலை எத்தனை தடம், எவ்வளவு பாரம் தாங்கவேண்டும், எத்தனை ஆண்டு உழைக்கவேண்டும், வெள்ளம் எம்மட்டம் வரை வந்தாலும் மூழ்கலாகாது, வேலை நடக்கும்போது போக்குவரத்து எப்படி ஓடவேண்டும் என்பனவற்றை அது கூறும். இவ்வளவு கூறிவிட்டு, எவ்வாறு செய்வதென்பதைக் கண்டிராக்டரின் அறிவுக்கு விட்டுவிடும். இவ்வுரிமையால் விளையும் நன்மை பெரிது. அதனை முதலிற் சொல்லிவிடுவதே நேர்மை.

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்துச் சால்ட் லேக் நகரத்துக்கு, 2002-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தும் பேறு 1995-இல் கிடைத்தது. அந்நகரின் முதுகெலும்பாகிய 15-ஆம் எண் நெடுஞ்சாலையோ 1960-களில் கட்டப்பட்டுத் தேய்ந்து கிடந்தது. 17 மைல் நீளத்தை இடித்து அகலப்படுத்த வேண்டும். நூற்று முப்பதுக்கு மேற்பட்ட பாலங்களைப் புதிதாய் அமைக்க வேண்டும். படம் வரைந்து முடித்து, டெண்டர் கோரி, பகுதி பகுதியாகக் கட்டும் வழக்கமான முறையில் எட்டாண்டுக்குக் குறையாது என்று கணக்கிட்டனர். ஒலிம்பிக் பந்தயம் அதுவரை காத்திராது. ஆதலின் சுமார் 150 கோடி டாலர் செலவாகும் அப்பெருவேலை முழுவதையும் வரைந்து கட்டும் ஒப்பந்தமாக, 1997-இல் வாசாட்ச் கன்ஸ்ட்ரக்டர்ஸ் என்னும் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். அக்காலத்தில் அந்நாட்டுச் சாலைத் துறையில் இவ்வளவு பெரிய காரியத்தை இம்முறையில் துணிந்தவர் வேறு ஒருவருமில்லை. ஒரு பகுதிக்குப் படம் வரைந்துகொண்டிருக்கையிலேயே மற்றொரு பகுதியிற் கட்டடம் எழுந்தது. 2001-ஆம் ஆண்டின் நடுவில், பந்தயங்களுக்குப் பல மாதம் முன்பே, சாலை திறக்கப்பட்டது.

அவ்வேலையில் ஒரு சிறப்பு உண்டு. சால்ட் லேக் பள்ளத்தாக்கு, முற்காலத்திற் பரந்து கிடந்த போனவில் என்னும் ஏரியின் அடிப்படுகை. அங்குள்ள களிமண் மெத்தென்றது. அதன்மேல் உயரமான கரையெழுப்பினால் மூன்று அடிக்கு மேலும் அமிழும், அமிழ்ந்து நிலைப்பதற்கு ஆண்டுகளும் ஆகும். மண்ணோடு சேர்ந்து அடியிற் செல்லும் குடிநீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் கம்பிகளும் வளைந்து முறியும். அவற்றையெல்லாம் பெயர்த்து வேறிடம் மாற்றுவதானால் காலம் போதாது. ஆகவே அத்தகைய இடங்களில் மண்ணுக்குப் பதிலாகப் பஞ்சு போன்ற வெண்ணிறப் பாலிஸ்டைரீன் கட்டிகளை அடுக்கி, மேலே கான்கிரீட் பாவி, சாலை அமைத்தனர். நாம் புதுப் பெட்டிகளைத் திறக்கும்போது சாமான் உடையாதபடி சுற்றிவைத்திருக்கக் காண்கிறோமே, அதே பொருள்தான். மண்ணின் எடையில் நூற்றில் ஒரு பங்கே உடையது. ஏறக்குறைய 1,00,000 கன மீட்டர் அளவு அங்கே சாலைக்கு அடியிற் புதைந்துள்ளது. 'இத்தனை லாரி செம்மண் கொட்டி நிரவுக' என்று கட்டளையிடும் பத்திரத்தின் கீழ் இவ்வழிக்கு இடமேது? எவ்வளவு அமிழலாம், எந்நாளுக்குள் முடியவேண்டும் என்ற வரம்புகளைக் கூறும் பத்திரத்தின் கீழன்றோ இத்தகைய யுக்திகள் தலையெடுக்கும்.

டெண்டர் தேர்வும் விலையொன்றை மட்டும் நோக்கியதாக அங்கில்லை. தோற்றவர்க்கும் அவர்தம் உழைப்புக்கு ஈடாக ஒரு தொகை அளித்தனர். வென்றவர் தரம், காலம், மக்களுக்கு இடையூறின்மை ஆகியவற்றில் நன்கு நடந்துகொண்டால் தவணைதோறும் மதிப்பிட்டு 5 கோடி டாலர் வரை மேற்கொண்டு வழங்கவும் ஏற்பாடு செய்திருந்தனர்.

இனி, இம்முறையின் மறுபுறத்தைக் காண்போம். 2007 ஆகஸ்ட் 1-ஆம் நாள் மாலை, மின்னியாபொலிஸ் நகரில் மிஸிஸிப்பி நதியின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் வண்டிகளோடு இடிந்து வீழ்ந்து 13 பேர் மாண்டனர். எட்டுத் தடமாய் இருந்த அப்பாலத்துக்கு மாற்றாகப் பத்துத் தடமுள்ள பாலத்தை வரைந்து கட்டும் முறையில் விரைந்து அமைக்க முனைந்தனர். நான்கு கூட்டத்தார் போட்டியிட்டனர். விலையும் நாளும் நுட்பத் தகுதியும் சேர்த்துக் கணக்கிட்டபோது, யாவரினும் மிகுந்த விலை கேட்டவர்க்கே வேலை கிடைத்தது. அவர் கேட்டது 23 கோடி டாலருக்கு மேல். மிகக் குறைவாகக் கேட்டவரது விலை 18 கோடிக்கும் உட்பட்டது. நாட்கணக்கிலும் வென்றவரினும் மிகுதி கேட்டவர் எவருமிலர். கூக்குரல் எழாதிருக்குமா? வழக்கு மூண்டது. வழக்கின் உயிர்நிலை விலையன்று. தேவைப் பத்திரத்திலிருந்த ஒரு வாசகமே. கான்கிரீட் பெட்டி உத்திரமாயின் குறைந்தது மூன்று நெடுக்குச் சுவர்கள் வேண்டுமென்று அது கூறிற்று. வென்றவரோ ஒவ்வொரு திசைப் பாலத்துக்கும் இரண்டு பெட்டிகள் அமைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சுவர்களே வைத்தார். பெட்டிக்கு மூன்று என்று கொண்டால் அவர் பிழை செய்தார். பாலத்துக்கு மூன்று என்று கொண்டால் நான்கு வைத்து மிகையே செய்தார். நிலவெல்லைக்கு வெளியே அவர் வேலை காட்டியதும் விதிக்கு மாறென்று வாதிக்கப்பட்டது. வழக்கு மின்னசோட்டா மாகாண உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 2010-இல் துறையினர் கொண்ட பொருளே ஏற்கத்தக்கது என்று முடிந்தது. பாலமோ 2008 செப்டம்பரிலேயே திறக்கப்பட்டு, இரண்டு ஆண்டாக மக்களைச் சுமந்துகொண்டிருந்தது. 'ஒவ்வொரு பெட்டிக்கும்' என்றோ 'ஒவ்வொரு பாலத்துக்கும்' என்றோ இரு சொற்கள் கூடியிருப்பின் அவ்வாதத்துக்கு இடமிராது.

பத்திரத்தின் ஒரு மூலையிற் கிடக்கும் வாசகமும் ஆளைக் கவிழ்த்துவிடும். இதற்குச் சாலையினின்று சற்று விலகி ஒரு கடல்வேலையைச் சான்று காட்டுகிறோம். சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. பிரிட்டனில் ஸால்வே கடற்கழியில் ராபின் ரிக் என்னுமிடத்தில் காற்றாலைகளுக்கு அடித்தளம் வரைந்து நாட்டும் வேலையை டென்மார்க் நாட்டு நிறுவனமொன்று ஏற்றது. உலகம் ஒப்பிய ஒரு தர நூலைப் பின்பற்றுக என்று பத்திரம் பணித்தது, அவ்வாறே செய்தனர். ஆனால் அத்தர நூலின் சமன்பாடொன்றில் ஓர் இலக்கத்தைப் பத்து மடங்கு பிழைபட இட்டிருந்தனர். வேலை முடிந்த சிறிது காலத்தில் இணைப்புகள் நழுவத் தொடங்கின. பழுது நீக்க 2 கோடியே 62 லட்சம் யூரோவுக்கு மேல் ஆயிற்று. கண்டிராக்டர் தம்மிடம் பிழையில்லை என்றார். ஆயின் நுட்பத் தேவைகளின் நடுவே, அடித்தளங்கள் 20 ஆண்டு உழைக்கும்படி வரையப்பட வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 2017-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், இரண்டு தேவைகள் வேறுபடுமிடத்து இரண்டனுள் கடுமையானதை நிறைவேற்றுதலே கண்டிராக்டரின் கடன் என்று கொண்டு, அவரையே பொறுப்பாக்கிற்று. டெண்டர் வேளையில் அவ்வரியைச் சுட்டி ஒருவர் வினவியிருந்தால் என்ன விடை வந்திருக்குமோ!

தேவைப் பத்திரத்திலேயே பிழை இருந்தால் அதன் நட்டம் யாருடையது? இதற்கு ஒரே விடை இல்லை. உலகப் பொறியியல் ஆலோசகர் கூட்டமாகிய ஃபிடிக் 1999-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தங்களுள் இரண்டு இம்முறைக்கு உரியவை. அட்டையின் நிறத்தால் மஞ்சள் நூல், வெள்ளி நூல் எனப் பெயர் பெற்றவை. அனுபவமுள்ள கண்டிராக்டர் தக்க கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாத பிழையாயின், அவர்க்குக் காலமும் பணமும் கூட்டித் தருக என்கிறது மஞ்சள் நூல். வெள்ளி நூலோ, சில விலக்குகள் நீங்கலாக, தேவைப் பத்திரத்தின் பிழையையும் கண்டிராக்டர் தலையிலேயே வைக்கிறது. ஆகவே எந்த நூலின்படி ஒப்பந்தம் என்று அறியாமல் விலை எழுதுபவர், கடன் பத்திரத்தில் வட்டி விகிதம் பாராமற் கையெழுத்திடுபவரை ஒப்பர்.

நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலைகளை நான்கு வழியாக்கும் வேலைகளிற் பல இப்போது இ.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒப்பந்தத்தின்படி நடைபெறுகின்றன. வரைதல், பொருள் கொள்ளுதல், கட்டுதல் ஆகிய மூன்றையும் ஒருவரே ஒரே மொத்தத் தொகைக்கு ஏற்பது அது. அதன் உயிர் இணைப்பட்டியல்களில் இருக்கிறது. முதற் பட்டியல் இடத்தையும் அங்குள்ள பழைய சாலை, பாலம், மதகுகளையும் கூறும். இரண்டாவது, செய்யவேண்டிய வேலையின் எல்லையைக் கூறும். நான்காவது, எந்தத் தர நூல்களைத் தழுவவேண்டும் என்பதைக் கூறும். 1934-இல் தோன்றிய இந்திய ரோடு காங்கிரஸின் கையேடுகளே அங்கே பிரமாணம். நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கேனும் முதலில் கையளிக்கப்பட வேண்டும் என்பதும் அம்மாதிரி ஒப்பந்தத்தில் ஒரு விதி. மொத்தத் தொகை ஆதலின், பட்டியலில் அடங்கியதெல்லாம் அத்தொகைக்குள்ளேயே. அடங்காதது வேலை மாற்றமென்று தனியே விலை பெறும். எது அடங்கும், எது அடங்காது என்பதே கண்டிராக்டர் இரவெல்லாம் விழித்துப் படிக்கும் பாடம்.

முதலிற் சொன்ன மதகுக்குத் திரும்புவோம். புதுச் சாலை கட்டுவதினும் பழைய சாலையை அகலப்படுத்துவது கடினம். ஏனெனில் பழையது அங்கே இருக்கிறது. 'தற்போதுள்ள மதகுகள் அகலப்படுத்தப்படும்' என்று இரண்டாம் பட்டியல் கூறுவதாக வைத்துக்கொள்வோம். பழைய மதகு 0.9 மீட்டர் குழாய். புதிதாக இடும் குழாய் 1.2 மீட்டருக்குக் குறையலாகாதென்று கையேடு சொல்லும். நீட்டும் பகுதி புதியதா, பழையதன் தொடர்ச்சியா? புதியதென்றால் சிறுகுழாயின் வாயில் பெருங்குழாயைப் பொருத்தும் விநோதம் நேரும். பழையதன் தொடர்ச்சியென்றால் குழாயின் நீளம் இரட்டிக்கும். நீர் வடிவது குறையும். உள்ளே அடையும் வண்டலை எடுக்க ஆள் புக முடியாது. மேல்புறத்து வயல்களில் ஐப்பசி மாதத்து மழைநீர் நிற்கும். நட்ட நாற்று அழுகும். அந்த விவசாயி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர் அல்லர். முழுவதையும் இடித்துக் கட்டுவதென்றாலோ செலவு பன்மடங்கு; அச்செலவைத் தம் விலையிற் சேர்த்தவர், சேர்க்காதவரிடம் டெண்டரில் தோற்பார். சேர்க்காது வென்றவர் பிறகு அரைகுறையாய் நின்றுவிட்டு, 'இது பட்டியலில் இல்லை' என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். நாம் வழியிற் கண்ட மதகின் வரலாறு அநேகமாய் இதுவே.

இத்தகைய வினாக்கள் சாலை நெடுகக் கிடக்கின்றன. அகலப்படுத்துவது இருபுறமும் சமமாகவா, ஒருபுறமாகவா? இருபுறமும் என்றால் இருகரை மரங்களும் போம். ஒருபுறம் என்றால் நடுக்கோடு நகர்ந்து பழைய தளத்தின் சரிவு புதிய சாய்வுக்கு மாறாகிவிடும். பழைய தாரின்மேல் புதுத் தார் இடுவதா, அடியோடு பெயர்த்துக் கட்டுவதா? பழைய தளத்தின் வலிமையைச் சோதித்த கணக்கு பத்திரத்தோடு தரப்பட்டிருந்தால், அதனை நம்பி வரையலாமா, அன்றி அது வெறும் தகவலுக்காகவா? 'தகவலுக்காக மட்டும்' என்னும் இவ்விரண்டு சொற்களைப்போல் நாம் அஞ்சத்தக்கவை வேறில்லை. கொடுப்பதுபோற் கொடுத்து, நம்பாதே என்று சொல்லும் வாசகம் அது.

மின்கம்பங்களையும் குடிநீர்க் குழாய்களையும் யார் மாற்றுவது, மாற்றும் வரை நாள் ஓடுமா நிற்குமா, மரம் வெட்ட அனுமதி பெறுதல் யார் கடன் என்பனவும் இவ்வகையே. போக்குவரத்தைப் பற்றி 'பொதுமக்களுக்கு இடையூறின்றி' என்று எழுதிவிடுவது எளிது. பகலில் எத்தனை தடம் திறந்திருக்க வேண்டும், இரவில் எம்மணி முதல் எம்மணி வரை மூடலாம், பள்ளிக்கூட வேளையில் என் செய்வது என்று எழுதினாலன்றி அதற்கு விலை போட முடியாது. 'போதிய', 'தக்க', 'இயன்றவரை', 'தேவையான இடங்களில்' ஆகிய நான்கையும் ஒரு தேவைப் பத்திரத்திற் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பார்த்தால், பிற்காலத்து வழக்குகளின் பட்டியல் அப்போதே கிடைத்துவிடும். வேண்டுமென்றே சொல்லாமல் விடுவது வேறு. சொல்ல மறந்துவிடுவது வேறு. முன்னது பாலிஸ்டைரீன் கட்டிக்கு இடம் தந்தது. பின்னது மதகைப் பாதியில் நிறுத்துகிறது. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கேட்டாலன்றி வேறுபாடு விளங்காது.

கேட்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. வினா எழுத்தில் வரவேண்டும். விடை போட்டியாளர் அனைவர்க்கும் ஒருங்கே செல்லவேண்டும். வினவினவர் பெயர் வெளியிடப்படாது. பத்திரத்தை மாற்றும் விடையாயின் அது திருத்தப் பத்திரமாய் வெளிவந்து ஒப்பந்தத்தோடு சேரவேண்டும். கூட்டத்தில் ஓர் அதிகாரி வாய்மொழியாகச் சொன்னது பிற்காலத்தில் உதவாது. இங்கே மனித இயல்பின் ஒரு சிக்கலும் உண்டு. ஐயத்தைக் கண்டுகொண்ட கண்டிராக்டர் அதனைக் கேட்டால், விடை போட்டியாளர்க்கும் தெரிந்துவிடும். கேளாதிருந்தால், தமக்குச் சாதகமான பொருளைக் கொண்டு குறைந்த விலை எழுதி வெல்லலாம். பின்பு வேலை மாற்றமென்று மேற்பணம் கோரலாம். இக்கள்ளத்துக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் ஒரு மருந்து கண்டன. கண்ணுக்கு வெளிப்படையாய்த் தெரியும் ஐயமாயின், கேளாதிருந்தவர்க்கு எதிராகவே அதற்குப் பொருள் கொள்ளப்படும்; மறைந்திருந்த ஐயமாயின், எழுதியவர்க்கு எதிராகக் கொள்ளப்படும். ஒருவர் தம் சொந்த யுக்தியை வெளியிட அஞ்சிக் கேளாதிருத்தலும் கூடும். அதற்காக ஒவ்வொரு போட்டியாளரோடும் தனித்தனியே இரகசியமாய்ப் பேசும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. யுக்தி இரகசியமாய் இருக்கலாம். விதி மட்டும் எல்லார்க்கும் ஒன்றாய் இருக்கவேண்டும்.

வினாவினும் விடை எழுதுவது அரிது என்பது நம் கருத்து. 'பத்திரத்தில் உள்ளபடி' என்பது ஒரு விடை. 'கண்டிராக்டரே நேரிற் பார்த்து முடிவு செய்துகொள்க' என்பது மற்றொன்று. இவற்றை எழுதும் அதிகாரி சோம்பரென்று சொல்லிவிட முடியாது. தெளிவாய் எழுதினால் பிழைக்குத் தாம் பொறுப்பாவோமே என்னும் அச்சமே பெரும்பாலும் காரணம். ஆனால் அவ்வச்சத்துக்கும் விலை உண்டு. ஐயமுள்ள இடத்தில் எச்சரிக்கையான கண்டிராக்டர் விலையை ஏற்றுகிறார். துணிச்சற்காரர் ஏற்றாமல் வென்று பிறகு வழக்காடுகிறார். இருவகையிலும் கொடுப்பது பொதுப்பணமே.

வினவுதற்கு ஒரு கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாள் கழிந்தபின் வரும் ஐயத்துக்கு விடை இல்லை. விலையில் ஓர் ஊகத்தைச் சேர்த்துக்கொள்வதே வழி. அதற்கு முன் கேட்கப்பட்ட மதகு வினாவுக்கு நல்ல விடை நீண்டிருக்க வேண்டுவதில்லை. 'கீழ்க்கண்ட எண்ணுள்ள மதகுகள் இடித்து 1.2 மீட்டர் குழாயிட்டுக் கட்டப்படும். ஏனையவை உள்ள அளவிலேயே நீட்டப்படும். பட்டியலுக்கும் கையேட்டுக்கும் மாறுபாடு நேரின் இப்பட்டியலே நிற்கும்' என்னும் அளவே போதும். ஆயின் அவ்வெண்களை நிரப்புவதற்கு யாரேனும் ஒருவர் அச்சாலை நெடுக நடந்து, ஒவ்வொரு மதகின் வாயிலும் குனிந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கேற்ற காலம் சித்திரை அன்று. நீர் ஓடும் கார்த்திகையே.